பையாவ் என்றால் என்ன? லூயிஸ் கொன்ஸாகாவின் அக்கார்டியனைப் புரிந்துகொள்ள ஓர் எளிய வழி

பிரேசில் இசை என்றதும் நம் காதில் சாம்பாதான் ஒலிக்கும். அதே நாட்டின் வடகிழக்கில், வறண்ட உள்நாட்டில் பிறந்த இன்னொரு இசை இருக்கிறது. அதன் பெயர் பையாவ். கடைசி ஒலியை மூக்கால் விட வேண்டும். அதை நாடு முழுக்கக் கொண்டுபோனவர் அக்கார்டியன் கலைஞர் லூயிஸ் கொன்ஸாகா (1912–1989). 'பையாவின் அரசர்' என்றே பிரேசிலில் அவரை அழைக்கிறார்கள்.

இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பையாவும், வடகிழக்கின் ஆட்டவிருந்து இசையான ஃபொஹோவும் ஒன்று என்கிறார்கள். பையாவைக் கொன்ஸாகாவே கண்டுபிடித்தார் என்கிறார்கள். அல்லது, ஊரில் இருந்த நாட்டுப்பாட்டை அப்படியே எடுத்துப் பாடினார், அவ்வளவுதான் என்கிறார்கள். மூன்றும் சரியில்லை. அவர் உண்மையில் செய்தது என்ன என்பது தெரிய வேண்டுமானால், முதலில் அந்தப் பெட்டி எப்படி ஒலிக்கிறது, அந்தத் தாளம் எப்படி நடக்கிறது என்பவை பிடிபட வேண்டும்.

ஆர்மோனியத்திலிருந்து தொடங்குவோம்

ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு அக்கார்டியனில் பாதி ஏற்கெனவே தெரியும். உள்ளே வரிசையாகப் பித்தளை நாக்குகள் இருக்கும். ஒவ்வொரு நாக்கும் ஒரு முனையில் மட்டும் தகட்டோடு இறுக்கப்பட்டிருக்கும். மறுமுனை சும்மா நிற்கும். அதன் அடியில், அதன் அளவுக்கே வெட்டிய ஒரு துவாரம். துருத்தியிலிருந்து வரும் காற்று நாக்கைத் துவாரத்துக்குள் அமுக்கும், நாக்கு வில்லைப்போலத் திரும்பி எழும், மறுபடி அமுங்கும். நொடிக்கு 440 தடவை இப்படி ஆடினால், மேற்கத்தியர் சுருதி சேர்க்கப் பயன்படுத்தும் ஏ என்ற ஸ்வரம் கேட்கும்.

இந்த நாக்குக்குத் தனித்த ரீடு என்று பெயர். நாதசுரத்தின் சீவாளியில் இரண்டு நாக்குகள் ஒன்றோடொன்று மோதித்தான் ஒலி எழும். இங்கே நாக்கு எதன்மீதும் மோதுவதில்லை. துவாரத்துக்குள் போய் வருகிறது. அதனால்தான் தனித்தது. நாக்கு நீளமாக இருந்தால் ஒலி தாழும், குட்டையாக இருந்தால் உயரும். சுருதி சேர்ப்பவர் நுனியைச் சுரண்டினால் ஸ்வரம் ஏறும்; இறுக்கிய அடிப்பக்கத்தைச் சுரண்டினால் இறங்கும். அளவுக்கு மேல் சுரண்டினால் நாக்கு பலவீனமாகி ஒருநாள் ஒடிந்துவிடும்.

ஆர்மோனியத்துக்கும் அக்கார்டியனுக்கும் வித்தியாசம் கைகளில் இருக்கிறது. ஆர்மோனியத்தில் இடதுகை துருத்தியைத் தள்ளுவதற்கே சரியாகப் போய்விடும். அக்கார்டியனில் துருத்தி பெட்டியின் நடுவில் இருக்கிறது. இடது முழங்கைக்கு மேலும் கீழும் உள்ள பலம் அதை இழுத்து மூட, இடதுகை விரல்கள் பொத்தான்களை அழுத்தச் சும்மா இருக்கின்றன. துருத்தி திறந்தாலும் மூடினாலும் ஒலி வரவேண்டும் என்பதால், ஒவ்வொரு தகட்டிலும் இரண்டு நாக்குகள், எதிரெதிர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும். ஒன்று பாடும்போது மற்றதன் வாயை ஒரு மெல்லிய தோல் மடல் மூடிக்கொள்ளும். அந்தத் தோல் காய்ந்து சுருண்டால் காற்று வீணாகக் கசியும். ஸ்வரம் தாமதமாக எழும், 'டப்' என்று ஒரு சத்தமும் சேர்ந்துகொள்ளும். பழைய பெட்டி வாங்குகிறவர்கள் முதலில் காது கொடுக்க வேண்டியது இதற்குத்தான்.

இன்னொன்று. பெரும்பாலான அக்கார்டியன்களில் ரீடு தகடுகளை மரச்சட்டத்தில் ஒட்டி வைத்திருப்பது தேன்மெழுகும் பிசினும் கலந்த கலவை. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பெட்டியை விட்டுவிட்டுப் போனால் மெழுகு இளகி, தகடு நகர்ந்து, உள்ளேயே உதிர்ந்துவிடும். வடகிழக்குப் பிரேசிலின் வெயிலில் இது வாத்தியக்காரர் எல்லோரும் அஞ்சும் விஷயம்.

சுருக்கமாக: அக்கார்டியன் என்பது இருபுறமும் மூச்சு விடும் ஆர்மோனியம், இடதுகைக்கும் அதில் வாசிக்க இடம் உண்டு.

எட்டு பாஸும் நூற்றிருபது பாஸும்

அக்கார்டியனைப் பிரேசிலின் வடகிழக்கில் சன்ஃபோனா என்பார்கள். அதில் இரண்டு வகையை அறிந்துகொண்டால் போதும்.

முதலாவது, எட்டு பாஸ் சன்ஃபோனா. 'பாஸ்' என்பது இடதுகைப் பொத்தான். இடதுபுறம் எட்டே எட்டுப் பொத்தான்; வலதுபுறம் இரண்டு வரிசையில் ஏறத்தாழ இருபது. சின்னப் பெட்டி. ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டு துருத்தியை இழுத்தால் ஒரு ஸ்வரம், தள்ளினால் வேறு ஸ்வரம். எதிரெதிர் நாக்குகளுக்கு வெவ்வேறு சுருதி வைத்திருப்பதுதான் காரணம். ஆகவே மெட்டு நகரும்போது துருத்தியின் திசையும் அடிக்கடி மாறியாக வேண்டும். வாசிப்பில் ஒரு துள்ளல் தானாகவே வந்துவிடும். அதே சமயம் நீண்ட, வழுக்கிச் செல்லும் சங்கதிகள் கடினம்.

இரண்டாவது, நூற்றிருபது பாஸ். வலதுபுறம் 41 பியானோக் கட்டைகள். இடதுபுறம் ஆறு வரிசை, வரிசைக்கு இருபது பொத்தான். இரண்டு வரிசைகள் தனி ஸ்வரங்கள். மீதி நான்கில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு முழுக் கோர்வை, அதாவது சில ஸ்வரங்கள் சேர்ந்த ஒரு 'கார்டு', ஒலிக்கும். இழுத்தாலும் தள்ளினாலும் ஸ்வரம் மாறாது. எடை பத்துக் கிலோவுக்கு மேலே.

கொன்ஸாகாவின் வாழ்க்கையே இந்த இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில்தான் நடந்தது என்று சொல்லலாம். அவர் பிறந்தது பெர்னாம்புகோ மாநிலத்தில், அராரிப்பே மலைமேட்டின் அடிவாரத்தில் இருக்கும் எஷூ என்ற ஊரில், 1912 டிசம்பர் 13 அன்று. புனித லூசியாவின் நாளில் பிறந்ததால் லூயிஸ் என்று பெயர். கொன்ஸாகா என்பது குடும்பப் பெயரல்ல, பாதிரியார் சேர்த்த புனிதர் பெயர். தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஞானப்பிரகாசியார் என்று வணங்கும் அதே புனிதர்தான் அவர். தந்தை ஜனுவாரியோ எட்டு பாஸ் வாசிப்பதில் அந்த வட்டாரத்தில் பேர்போனவர்; பெட்டிகளைப் பழுதுபார்த்தும் கொடுப்பார். மகன் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டு, சிறுவனாக இருக்கும்போதே விருந்துகளில் வாசிக்கப் போனான்.

1930-இல் ஒரு காதல் விவகாரம் தகராறாகி, தாயிடம் அடி வாங்கி, வீட்டைவிட்டு ஓடினார். ராணுவத்தில் சேர்ந்து 1939 வரை அங்கேயே இருந்தார். வெளியே வந்தபின் ரியோ டி ஜெனிரோவின் துறைமுகப் பகுதி மதுக்கடைகளில் நூற்றிருபது பாஸில் வாசித்துப் பிழைத்தார்: டாங்கோ, வால்ஸ், போல்கா, வெளிநாட்டுச் சரக்கு எல்லாம். ஒருநாள் வடகிழக்கின் செயாரா மாநிலத்து மாணவர்கள் சிலர், நம்ம ஊர்ப் பாட்டு ஒன்று வாசியேன் என்றார்கள். அவர் தயாராக இல்லை. அப்புறம் தனியே உட்கார்ந்து தந்தையின் வாசிப்பை நினைவில் தேடிப் பயிற்சி செய்தார். 1941-இல் வானொலிப் போட்டி ஒன்றில் அப்படி உருவான 'வீரா இ மேஷி' என்ற மெட்டை வாசித்து முதல் பரிசு வாங்கினார். அதே ஆண்டில் இசைத்தட்டும் வந்தது.

எட்டு பாஸின் துள்ளலை நூற்றிருபது பாஸில் கொண்டுவந்தது எப்படி? இங்கேதான் துருத்தி ஆட்டம் வருகிறது. வலதுகையில் கோர்வையை அழுத்திப் பிடித்துக்கொண்டே, இடது முழங்கையால் துருத்தியைச் சின்னச் சின்னதாக, வேகமாகத் திறந்து மூடுவது. ஸ்வரம் மாறாது, ஆனால் ஒலி துண்டு துண்டாக, மூச்சிரைப்பதுபோல் வரும். கற்றுக்கொள்பவர் துருத்தியை ஒரு சாண் அளவுக்கு மேல் திறக்கவே கூடாது. விரியத் திறந்துவிட்டு ஆட்டினால் பெட்டியின் எடை கையை இழுக்கும், தாளம் பின்தங்கும், தோள்பட்டை இரண்டு நிமிடத்தில் விட்டுப்போகும்.

தகிட தகிட தக

இப்போது தாளம். பையாவ் என்பது ஒரு தாள நடையின் பெயர் என்று முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு அடி கொண்ட ஒரு சுற்று. ஒவ்வோர் அடிக்கும் நான்கு நுண்ணலகு, ஆக எட்டு. இந்த எட்டை நான்கு நான்காகப் பிரிக்காமல் 3 + 3 + 2 என்று பிரியுங்கள். நம் சொல்கட்டில் சொன்னால்: தகிட தகிட தக. முதல் தகிடவின் 'த'வும் இரண்டாம் தகிடவின் 'த'வும் மேளத்தின் கனத்த அடி விழும் இடங்கள். அதாவது 1-ஆம் அலகும் 4-ஆம் அலகும்.

செய்து பாருங்கள். கால் 1-லும் 5-லும் சமமாகத் தட்டட்டும், நிமிடத்துக்கு அறுபது தட்டு போதும். வாயில் 'தகிட தகிட தக' ஓடட்டும். கை 1-லும் 4-லும் தொடையில் அடிக்கட்டும். இரண்டாவது கையடி, இரண்டாவது கால்தட்டுக்கு ஒரு பொட்டு முன்னதாகவே விழுவதை உணர்வீர்கள். அந்த முந்திக்கொள்ளும் அடிதான் பையாவின் உயிர். நடனமாடுகிறவரின் இடுப்பை முன்னே தள்ளுவது அதுதான்.

இங்கே இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கும். ஒன்று, கை மெல்லக் காலோடு சேர்ந்து 5-இல் விழத் தொடங்கிவிடும். பையாவ் போய் அணிவகுப்புத் தாளம் வந்துவிடும். இன்னொன்று, மூன்று பகுதிகளையும் சம நீளமாக்கித் 'தகிட தகிட தகிட' என்று ஆக்கிவிடுவது. அது வேறு நடை. கடைசித் 'தக' குட்டையாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்று பேர், மூன்று வேலை

இந்தத் தாளத்தை வாசிக்க மூன்று கருவிகள்.

சபூம்பா என்பது தோளில் வாரால் தொங்கவிடும், இருபுறமும் தோல் கட்டிய அகன்ற மேளம். மேல்தோலில் தலைப்பகுதி சுற்றிய தடித்த கோலால் கனத்த அடி. கீழ்த்தோலில் விரல்போன்ற மெல்லிய குச்சியால் கூர்மையான பதிலடி. 1-லும் 4-லும் கேட்ட 'தும்' மேலே. இடைவெளிகளில் கேட்கும் 'டக்' கீழே. நம் தவிலில் வலந்தலையும் தொப்பியும் வேறு வேறு குரலில் பேசுவதை நினைத்துக்கொண்டால் போதும்.

இரும்பு முக்கோணம் பார்க்க எளியது, வாசிக்கக் கடினமானது. ஆள்காட்டி விரலில் தொங்கும். மறுகை கம்பியால் எட்டு அலகிலும் இடைவிடாமல் தட்டும். தொங்கவிட்ட கையின் மற்ற விரல்கள் இரும்பைப் பிடித்திருந்தால் ஒலி 'சிக்' என்று அடங்கும். திறந்தால் 'டிங்' என்று விரியும். திறக்க வேண்டியது 3-லும் 7-லும் மட்டும்: சிக் சிக் டிங் சிக், சிக் சிக் டிங் சிக். 7-ஆம் அலகு என்பது நம் கடைசித் 'தக'வின் தொடக்கம். மேளம் கனத்த அடி போடாமல் விட்ட அந்த இடத்தில் முக்கோணம் மணியடிக்கிறது. விரல் மூடுவது கொஞ்சம் தாமதித்தாலும் 'டிங்' அடுத்த அலகுக்குள் வழிந்து, எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். நான்கு நிமிடப் பாட்டுக்குப் பிறகு மணிக்கட்டு இறுகிக்கொள்வதும் வழக்கம். கையின் பலத்தால் அடிக்காமல் கம்பியின் எடையிலேயே தட்டக் கற்க வேண்டும்.

மூன்றாவது சன்ஃபோனா. மெட்டு, கோர்வை, துருத்தி ஆட்டம் எல்லாம் அதன் பொறுப்பு. போல்காவில் பழகிய கைகள் இடதுபுறத்தில் 'பூம்-சக்' என்று ஓயாமல் வாசிக்கும். பையாவில் அது கூடாது. தாழ்ந்த ஒலிக்கு மேளம் இருக்கிறது. இடதுகை அதன்மேல் ஏறி மிதித்தால் 4-ஆம் அலகின் அடி காதில் விழாது. பொதுவாக, கற்றுக்குட்டியை அடையாளம் காட்டுவது அவருடைய இடதுகைதான்.

இந்த மூவர் அமைப்பைத்தான் கொன்ஸாகா நிலைநிறுத்தினார். சபூம்பா ஏற்கெனவே வடகிழக்கின் புல்லாங்குழல் குழுக்களில் இருந்தது. முக்கோணம் தெருவில் இருந்தது: ரெசிஃபே நகரில் மெல்லிய அப்பளம்போன்ற இனிப்பு விற்கிறவர்கள் வாடிக்கையாளரை அழைக்க அதைத்தான் தட்டுவார்கள். சன்ஃபோனா தந்தையிடம் இருந்தது. மூன்றும் தனித்தனியே பழையவை. ஒன்று தாழ்ந்த ஒலி, ஒன்று உயர்ந்த ஒலி, ஒன்று நடுவொலி என வேலையைப் பிரித்துக் கொடுத்து, மூன்று பேர் ஒரு லாரியில் ஏறி எந்த ஊருக்கும் போய் வாசிக்கலாம் என்று ஆக்கியது அவருடைய சாதனை. என் கணிப்பில், பாட்டுகளைவிடவும் பெரிய பங்களிப்பு இதுதான்.

இதுவரை: தகிட தகிட தக என்பது தாளம், மேளம் 1-லும் 4-லும், முக்கோணம் 3-லும் 7-லும், துருத்தி இவற்றின் நடுவே மூச்சு விடுகிறது.

கண்டுபிடித்தாரா, எடுத்துக்கொண்டாரா?

பையாவ் என்ற சொல் கொன்ஸாகாவுக்கு முன்பே இருந்தது. வடகிழக்கில் இரண்டு பாடகர்கள் வியோலா என்ற தந்திக் கருவியோடு எதிரெதிரே உட்கார்ந்து, போட்டி போட்டு உடனுக்குடன் செய்யுள் கட்டுவார்கள். ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் முன், யோசிக்க அவகாசம் கொடுக்கும்படி தந்தியில் ஒரு சின்னத் தாளத் துணுக்கு ஓடும். அதற்குப் பையாவ் என்று பெயர். அந்த இடைநிரப்பியை எடுத்து, முழுப் பாட்டின் அடித்தளமாக மாற்றினார் கொன்ஸாகா.

தனியாக அல்ல. 1945-இல் செயாராவைச் சேர்ந்த வழக்கறிஞரும் பாடலாசிரியருமான உம்பெர்த்து தெய்ஷேய்ராவைச் சந்தித்தார். இருவரும் எழுதிய 'பையாவ்' என்ற பாட்டு 1946-இல் ஒரு குரலிசைக் குழுவின் இசைத்தட்டாக வந்தது. பையாவை எப்படி ஆடுவது என்று கேட்பவருக்குச் சொல்லித்தருகிற பாட்டு அது. ஒரு புதிய நடையை நகரத்துக்கு அறிமுகப்படுத்த இதைவிட நேரான வழி இல்லை.

1947-இல் 'ஆசா பிராங்கா' வந்தது. வெள்ளைச் சிறகு என்று பொருள். வடகிழக்கில் வாழும் ஒரு காட்டுப்புறாவின் பெயர். மழை பொய்த்து மண் தீய்கிறது, மாடு தாகத்தில் சாகிறது, அந்தப் புறாவும் பறந்துவிடுகிறது. ஆகவே பாடுகிறவனும் தன் காதலியை விட்டுப் போகிறான். நிலம் பச்சையானால் திரும்புவேன் என்கிறான். மெட்டு அந்த வட்டாரத்தில் முன்பே புழங்கியது. லாரிகளின் பலகை இருக்கைகளில் தொங்கிக்கொண்டு ரியோவுக்கும் சாவோ பாவ்லோவுக்கும் வந்து, கட்டட வேலை செய்துகொண்டிருந்த லட்சக்கணக்கான வடகிழக்கு மக்களுக்கு இது சொந்தக் கதை. மழை திரும்பி வந்ததைப் பாடும் தொடர்ச்சியை, மருத்துவரும் பாடலாசிரியருமான ஸே டான்டாஸோடு சேர்ந்து 1950-இல் வெளியிட்டார்.

மெட்டுகளின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வடகிழக்குப் பாட்டுகள் பலவற்றில் ஏழாவது ஸ்வரம் தாழ்ந்திருக்கும். ஸ்வர வரிசையை மட்டும் பார்த்தால் அது நம் ஹரிகாம்போஜி. நான்காவதும் உயர்ந்தால் வாசஸ்பதி. இதை வைத்து இரண்டுக்கும் உறவு பேசக்கூடாது. கமகமும் பிடிகளும் இல்லாத வெறும் வரிசை ராகமாகாது. ஆனாலும் நம் காதுக்கு அந்த மெட்டுகள் அந்நியமாகப் படாததற்கு இது ஒரு காரணம்.

ஃபொஹோ என்பது வேறு

ஃபொஹோ முதலில் விருந்தின் பெயர்: மக்கள் கூடி ஜோடியாக ஆடும் இரவுக் கூத்து. பிறகு அங்கே வாசிக்கப்படும் எல்லா நடைகளுக்கும் பொதுப்பெயர் ஆனது. பையாவ் அதில் ஒன்று. மெதுவாக அசையும் ஷோட்டி இன்னொன்று. ஜூன் மாதப் புனிதர் திருவிழாக்களில் வேகமாக ஓடும் அஹாஸ்தா-பே மற்றொன்று. கச்சேரிக்கும் ஆதி தாளத்துக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம்.

'எல்லோருக்கும்' என்று பொருள்படும் ஃபார் ஆல் என்ற ஆங்கிலத் தொடரிலிருந்து, ரயில்பாதை போட்ட ஆங்கிலேயர் வைத்த விருந்துகளால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை எங்கும் சுற்றுகிறது. கேட்க இனிமையாக இருக்கிறது, அவ்வளவே. ஃபொஹோபொடோ என்ற சொல், ஆரவாரமான கூத்து என்ற பொருளில், 19-ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்தில் இருந்தது. அதன் சுருக்கமே ஃபொஹோ என்பதுதான் அகராதிக்காரர்கள் ஏற்கும் விளக்கம்.

தோல் தொப்பி, பிறகு மறதி, பிறகு மீட்சி

தெற்குப் பிரேசிலின் அக்கார்டியன் கலைஞர் ஒருவர் தன் ஊர் மாடு மேய்ப்பவரின் உடையில் மேடையேறுவதைப் பார்த்த கொன்ஸாகா, தன் ஊருக்கும் ஓர் உடை வேண்டும் என்று முடிவு செய்தார். வடகிழக்கின் கொள்ளைத் தலைவன் லம்பியாவ் அணிந்ததுபோன்ற, முன்புறம் மடித்த தோல் தொப்பியைத் தேர்ந்தெடுத்தார். முள்காட்டில் மாடு விரட்டுகிறவரின் தோல் அங்கியையும் சேர்த்துக்கொண்டார். நகரத்தார் ஏளனமாகப் பார்த்த அடையாளத்தை அவர் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

1950-களின் முடிவில் சாம்பாவிலிருந்து பிறந்த மென்மையான நகர இசையான போசா நோவா வந்தது, அதன்பின் ராக். பெருநகர வானொலிகளில் பையாவ் மங்கியது. கொன்ஸாகா உள்நாட்டுச் சந்தைகளிலும் ஊர்த்திடல்களிலும் வாசித்துக்கொண்டே இருந்தார். கீழ்விழாமல் காத்தவர்கள் அந்தச் சிற்றூர் மக்கள்தான். 1971-இல், நாடு கடத்தப்பட்டு லண்டனில் இருந்த பிரேசில் பாடகர் கேடானோ வெலோசோ 'ஆசா பிராங்கா'வைப் பதிவு செய்தபோது, வறட்சியால் ஊரைவிட்டவனின் பாட்டு அரசியலால் நாட்டைவிட்டவனின் பாட்டாகவும் ஆயிற்று. இளைய தலைமுறை மறுபடி கொன்ஸாகாவைத் தேடியது.

அவருக்குப் பின் சன்ஃபோனாவைத் தூக்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் டொமிங்கீன்யோஸ் (1941–2013). சிறுவனாகத் தெருவில் வாசித்துக்கொண்டிருந்தவரைக் கொன்ஸாகா கண்டெடுத்தார், பின்னர் ஒரு பெட்டியும் கொடுத்தார். டொமிங்கீன்யோஸ் அந்தத் தாளத்துக்குள் ஜாஸின் கோர்வைகளைக் கொண்டுவந்தார். 4-ஆம் அலகு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. 1990-களில் கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்த மின்னிசை ஃபொஹோ பெருகியது. பழைய மூவர் அமைப்பை அதிலிருந்து பிரித்துச் சொல்ல 'மலையடிவார ஃபொஹோ' என்ற பெயர் இன்று வழங்குகிறது. கொன்ஸாகாவின் பிறந்தநாளான டிசம்பர் 13, 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரேசிலின் தேசிய ஃபொஹோ நாள். 2021-இல் ஃபொஹோவின் நடைகள் அந்நாட்டின் பண்பாட்டு மரபுரிமையாகப் பதிவு செய்யப்பட்டன.

எதைக் கேட்பது?

முதலில் 'ஆசா பிராங்கா'. பழைய பதிவில் தாளம் அடக்கமாக இருக்கும். குரலையும் மெட்டையும் மட்டும் கேளுங்கள். அடுத்து, கொன்ஸாகா 1949-இல் தானே பாடிப் பதிவு செய்த 'பையாவ்'. காலைச் சமமாகத் தட்டிக்கொண்டு, அதற்கு முந்திக்கொள்ளும் அந்த இரண்டாவது அடியைத் தேடுங்கள். கிடைத்துவிட்டால், பிற்காலப் பதிவு எதிலாவது முக்கோணத்தின் 'டிங்' எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

மூன்றாவதாக 'ஹெஸ்பெய்தா ஜனுவாரியோ', 'ஜனுவாரியோவை மதி' என்று பொருள். வீட்டைவிட்டு ஓடி 16 ஆண்டு கழித்து, 1946-இல், புகழோடும் பளபளக்கும் நூற்றிருபது பாஸோடும் எஷூவுக்குத் திரும்பிய அனுபவத்தைக் கொன்ஸாகா அதில் பாடுகிறார். ஊர்க்காரர்கள் பெரிய பெட்டியைப் பார்த்து வாய்பிளக்கவில்லை. நீ எவ்வளவு பெரியவனானாலும் உன் அப்பனின் எட்டு பாஸுக்கு மரியாதை கொடு என்கிறார்கள். பாட்டில் துருத்தி ஆடும் இடங்களைக் கவனித்துக் கேளுங்கள்: பெரிய பெட்டி சின்னப் பெட்டியின் மூச்சில் வாசிக்கிறது.